சொல்லிக்கொள்ளாமல் விட்டு வந்த இடம்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்துப் படத்தில் அம்மா சிரிக்கவில்லை. "உங்கம்மா அவ்ளோ கண்டிப்பானவங்களா மேடம்?" என்று அச்சகத்தில் வேலை செய்யும் பெண் கேட்டாள். அது மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக எடுத்த படம். அசையக் கூடாது என்று படம் எடுத்தவர் சொன்னதும் அம்மா மூச்சையே பிடித்துக்கொண்டுவிட்டார். வேறு நல்ல படம் எங்களிடம் இல்லை. எந்தக் கல்யாணத்திலும் புகைப்படக்காரர் வரும் நேரத்தில் அம்மா சமையல் நடக்கும் இடத்தில்தான் இருந்திருக்கிறார்.

ஆகவே, அம்மாவை அறிந்த உறவினர்களே, நண்பர்களே, அந்தப் படத்தில் விட்டுப்போனவற்றை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். நான் அம்மாவின் மகள். எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். "நீயே எழுதுக்கா, உன்கிட்டதான் அம்மா எல்லாம் சொல்லுச்சி" என்று இருவரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அம்மா எல்லாவற்றையும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னதும் ஒரே நாளில் சொன்னதல்ல.

அம்மா பிறந்த ஊரைக் கைப்பேசி வரைபடத்தில் தேடினால் நீலமாகத்தான் தெரியும். மூன்று பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றை ஒட்டி நஞ்சை நிலம். நிலம் எல்லாம் வேறு சிலருக்குச் சொந்தம். அதில் நட்டதும் களை எடுத்ததும் அறுத்ததும் அம்மாவின் வீட்டாரும் அப்பாவின் வீட்டாரும் அவர்களைப் போன்றவர்களும். குடிசைகள் நின்ற இடம் புறம்போக்கு. அம்மா வீடும் அப்பா வீடும் ஒரே தெருவில் இருந்தன. "என் கல்யாணத்துக்கு வண்டி வாடகைகூட இல்ல. இந்த வூட்லேர்ந்து கிளம்பி அந்த வூட்டுக்கு நடந்து போனேன், அவ்ளோதான்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஊரைப் பற்றி அம்மா பெருமையாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, வைத்தியர் இல்லை, நாலு நாள் மழை பெய்தால் வெளியே போக வழி இல்லை. "இன்னா ஊரு அது, பாம்பும் ஜுரமும்" என்பார்.

அப்படிப்பட்ட ஒரு ஜுரத்தில்தான் எங்கள் பெரிய அண்ணன் போனார். அம்மாவின் முதல் பிள்ளை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய வயது. அந்த வயதுக் குழந்தையை 'போனார்' என்று எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அண்ணன் அண்ணன்தான். நாங்கள் மூவரும் அவரைப் பெரிய அண்ணன் என்றே சொல்லி வளர்ந்தோம். யாராவது அம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அம்மா தயங்காமல் நாலு என்பார். கேட்டவர்கள் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு நாலாவது எங்கே என்று தேடுவார்கள். அம்மா விளக்கம் சொல்ல மாட்டார்.

பெரிய அண்ணனை ஆற்றங்கரையில் ஒரு புங்கமரத்துப் பக்கத்தில் புதைத்தார்கள். குழி வெட்டியவர் அம்மாவின் பெரியப்பா மகன். பிற்காலத்தில் தெள்ளார் பக்கம் போய்க் குடியேறியதால் அவரை நாங்கள் தெள்ளார் மாமா என்று கூப்பிடுவோம். தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே ஓர் ஓடை. அதில் வருடத்தில் பாதி நாள் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். அம்மா தினமும் வேலை முடிந்து வரும்போது அந்த ஓடையைத் தாண்டிப் போய் அந்த மண் மேட்டின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாராம்.

அந்த வருடம்தான் அணை முடிந்தது.

அணையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அம்மா அதைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. 'அந்தத் தண்ணி' என்றுதான் சொல்வார். மின்சாரம் எடுக்கவும் கீழ்நாட்டு நிலங்களுக்குப் பாய்ச்சவும் அணை வரப்போகிறது என்று பல வருடமாகப் பேச்சு இருந்ததாம். அளக்க வந்தவர்கள் கல் நட்டுவிட்டுப் போனார்கள். ஆடு மாடுகள் அந்தக் கற்களில் முதுகு சொறிந்துகொண்டன. இத்தனை வீடும் கோயிலும் இருக்கும்போது எப்படித் தண்ணீர் விடுவார்கள் என்று பெரியவர்கள் தைரியமாக இருந்தார்கள். பிறகு ஒருநாள் ஆட்கள் வந்து எல்லாரும் கிளம்ப வேண்டும் என்றார்கள். பட்டா வைத்திருந்தவர்களுக்கு வேறு இடத்தில் நிலம் கிடைக்கும் என்றார்கள். அம்மா அப்பாவைப் போன்றவர்களிடம், கூரையைப் பிரித்து மூங்கிலை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

தண்ணீர் வந்த விதத்தை அம்மா எனக்குச் சொன்னது, எனக்கு முதல் குழந்தை பிறந்து நான் தாய்வீட்டில் இருந்தபோது. பிற்பகல் வெயிலில் பலகை போட்டு உட்கார்ந்து, கால் நீட்டி, என் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னார். அதுவரை பெரிய அண்ணன் ஒருவர் இருந்தார் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

"சினிமாவுல காட்ற மாதிரி வெள்ளமா வரல. மெதுவா ஏறிச்சி. காலையில பாத்த கல்லு மத்தியானம் காணோம். அவ்ளோதான். நாங்க மறுநாள் கிளம்பறதா இருந்தோம். உங்கப்பா கூரையைப் பிரிச்சிட்டாரு. நான் நெனச்சேன், காலையில சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டு, ஒரு நடை ஓடையைத் தாண்டிப் போயி அவன்கிட்ட சொல்லிட்டு வந்துடலாம்னு."

"இன்னா சொல்லணும்னு நெனச்சே?"

"இன்னா சொல்வாங்க? போயிட்டு வரேன்னு சொல்லணும். வேற இன்னா."

மறுநாள் காலை அம்மா ஓடைக்குப் போனபோது ஓடை இல்லை. ஆற்றுத் தண்ணீர் ஓடை வழியாகப் பின்னால் ஏறி வந்து, தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே அகலமாக நின்றது. அந்தப் பக்கம் புங்கமரத்தின் தலை தெரிந்தது. அம்மா இறங்கினார். இடுப்பு வரை தண்ணீர் வந்தபோது அப்பா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். அப்பா அழுதாரா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கமே பாத்துகினு இருந்தேன்" என்றார் அம்மா. வண்டிக்காரர் தெருமுனையில் நின்று கத்தினாராம். "ஜல்தி ஏறும்மா! பாதையில தண்ணி ஏறிடிச்சின்னா மாடு இறங்காது! எல்லாருக்கும் பேஜார் ஆயிடும்!"

அம்மா ஈரப் புடவையோடு வண்டியில் ஏறினார். அவ்வளவுதான் சொன்னார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து முடித்து, வெந்நீர் ஊற்றி, துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த ஊர் அன்றோடு சிதறியது. சிலர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். சிலர் கண்ணமங்கலம் பக்கம் விவசாயக் கூலிக்கு வந்தார்கள். அம்மாவும் அப்பாவும் இன்னும் சில குடும்பங்களும் மேட்டில் ஒரு கல்லுக்காட்டில் குடிசை போட்டார்கள். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். ஆனால் குடிக்கத் தண்ணீர் எடுக்க மலைச் சரிவில் இறங்கி ஏற வேண்டும். அம்மா ஒரு குடம்கூட அந்த அணைத் தண்ணீரில் மொண்டதில்லை என்று தெள்ளார் மாமா எங்களிடம் சொல்லியிருக்கிறார். வேறு பக்கம் சுற்றிக்கொண்டு ஒரு சுனைக்குப் போவாராம். மற்ற பெண்கள் பைத்தியம் என்று நினைத்தார்களாம்.

ஆரணியில் அரிசி ஆலைகளில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு அப்பா முதலில் தனியாக வந்தார். பிறகு அம்மாவைக் கூட்டிவந்தார். ஆலைக்குப் பின்னால் ஓர் அறை. அப்பாவுக்கு மூட்டை தூக்கும் வேலை, அம்மாவுக்குக் களத்தில் அவித்த நெல்லைக் காயவைத்துக் காலால் கிளறிவிடும் வேலை. நான் அங்கேதான் பிறந்தேன். களத்து ஓரத்தில் கோணிச் சாக்கில் தூளி கட்டித்தான் என்னை வளர்த்தார்கள்.

ஆரணிக்கு வந்த புதிதில் அம்மா கமண்டல நாக நதியைப் பார்க்கப் போனாராம். மணல்தான் இருந்தது. "இது நல்ல ஆறு. நம்ம வழிக்கு வராது" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் பெருமழை பெய்யும்போதெல்லாம் அம்மா மாற்றுத் துணிகளையும் கொஞ்சம் அரிசியையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கதவருகே வைத்துவிடுவார். மழை விட்டதும் அதைப் பிரித்து மடித்து வைப்பார். என் சின்னத் தம்பி, "அம்மா மூட்டை கட்டிடுச்சி, நாளைக்கு இஸ்கூல் லீவு" என்று கிண்டல் செய்வான். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மழை விடும்வரை மூட்டையை மட்டும் பிரிக்க மாட்டார்.

எங்கள் தெருவில் கடைசியாக மின்சாரம் வந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. முதல் பல்பு எரிந்த அன்று அப்பாவுக்கு ஒரே உற்சாகம். பல்புக்குக் கீழே நின்றுகொண்டு, "பாத்தியா? நம்ம ஊரு தண்ணியிலேர்ந்து வர்ற வெளிச்சம்" என்றார். அப்பா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா பல்பை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்பாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "கண்ணு கூசப்போவுது, உக்காரு" என்று அம்மாவின் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். அம்மா எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டார். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது பள்ளியில் சுற்றுலா அறிவித்தார்கள். அந்த அணைக்குத்தான். பூங்கா, ஊஞ்சல், முதலைகள் எல்லாம் இருக்கும் என்று ஆசிரியர் சொன்னார். அப்பா வேண்டாம் என்றார். அம்மாதான், "எல்லாப் புள்ளைங்களும் போவுது, இவளும் போவட்டும்" என்று புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்து ஊஞ்சலைப் பற்றியும் பூக்களைப் பற்றியும் நான் மூச்சு விடாமல் பேசினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி நிறைய இருந்திச்சா?"

"நிறையம்மா. கடல் மாதிரி."

"சரி, போயி கால் கழுவிட்டு வா" என்றார்.

ஆலை மூடிய பிறகு அம்மா பட்டுத்தறி வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் வேலைக்குப் போனார். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவதுதான் அந்த வேலை. எந்நேரமும் அம்மாவின் விரலில் ஏதாவது ஒரு சாயம் ஒட்டியிருக்கும். அந்தக் கையால்தான் என்னையும் தம்பிகளையும் படிக்கவைத்தார். நான் ஆசிரியை ஆனேன். பெரிய தம்பி வேலூரில் வேலை செய்கிறான், சின்னவன் ஆரணியிலேயே கடை வைத்திருக்கிறான். சொந்தமாக மனை வாங்கும்போது இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே அம்மா கேட்ட கேள்வி, "பட்டா இருக்குதா?" என்பதுதான். விற்றவர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

தெள்ளார் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், பஸ் ஏறி ஆரணிக்கு வந்துவிடுவார். அவர் வரும் அன்று எங்கள் வீட்டில் கல்யாணச் சாப்பாடுதான். அம்மா அவருக்குத்தான் முதலில் இலை போடுவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். மாமா சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார், சாயங்காலம் கிளம்பிவிடுவார். ஏன் அவருக்கு மட்டும் இவ்வளவு உபசாரம் என்று பெரிய தம்பி ஒருமுறை கேட்டான். "எனக்கும் உங்கப்பாவுக்கும் அப்புறம் அந்த எடம் தெரிஞ்ச ஆளு அவருதான்" என்றார் அம்மா.

அப்பா முதலில் போனார். சில வருடங்கள் கழித்துத் தெள்ளார் மாமாவும் போய்விட்டார். மாமாவின் காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவாசி தாண்டியதும் சொன்னார்.

"நானும் போயிட்டேன்னா அந்த எடம் யாருக்கும் தெரியாம பூடும். உன்னைக் கூட்டிகினு போயி ஒரு தடவை காட்டணும்."

அத்தனை வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத அம்மா. சரிம்மா என்றேன்.

வீட்டில் சண்டை வந்தது. அம்மாவுக்கு மூட்டு வலி, இரத்த அழுத்தம். பெரிய தம்பி ஒரேயடியாக மறுத்தான். "அங்க இன்னாம்மா இருக்குது? தண்ணிதான் இருக்குது. தண்ணியைப் பாக்கறதுக்கு இம்மாந்தூரம் போவணுமா? வழியில உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அம்மா அவனிடம் கோபப்படவில்லை. "உனக்கு ஒரு அண்ணன் இருக்கறான்பா. அவனைப் பாக்கப் போறேன்" என்றார். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். மறுநாள் அவனே வண்டி ஏற்பாடு செய்தான். அவனே ஓட்டிக்கொண்டும் வந்தான்.

விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தோம். அந்த வருடம் நல்ல மழை, அணை நிறைந்திருந்தது. பூங்காவில் கூட்டம். மீன் வறுக்கும் வாசனை. அம்மா எதையும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பூங்காவைத் தாண்டி, கரையோரமாக வெகுதூரம் போனோம். அங்கே ஒருவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு வலை உலர்த்திக்கொண்டிருந்தார். நடுத்தர வயது. தம்பி அவரிடம் போய்ப் பேசினான். அவர் கையை ஆட்டி மறுத்தார்.

"இல்ல சார். ஆளுங்களை ஏத்தக் கூடாது. அதுவும் வயசானவங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா எங்க பொழப்பு பூடும்."

அம்மா மெல்ல நடந்து அவர் எதிரில் போய் நின்றார்.

"நைனா, எம் புள்ள உள்ள இருக்கறான்பா."

அவர் முகம் மாறியது. "எப்ப ஆயா? தண்ணியில போயிட்டானா?"

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியே."

அவருக்கு முதலில் புரியவில்லை. அம்மா ஊர்ப்பெயரைச் சொன்னதும் புரிந்தது. சற்று நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பரிசலைப் புரட்டி, தண்ணீரில் தள்ளி, அது அசையாதபடி முழங்கால் தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டார். "மெதுவா வா ஆயா. நடுவுல உக்காந்துக்கோ. எழுந்திரிக்கக் கூடாது" என்றார். தம்பி அம்மாவைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே வைத்தான். நானும் ஏறினேன். எடை தாங்காது என்று தம்பி கரையிலேயே நின்றுவிட்டான்.

அம்மா மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிளந்த பாறை ஒன்று இருக்கும், அதற்கு நேர் கீழே தெரு, தெருவிலிருந்து வலக்கைப் பக்கம் ஓடை, ஓடை தாண்டினால் புங்கமரம். இதை வண்டியில் வரும்போதே எனக்கு மூன்று தரம் சொல்லியிருந்தார். பாறை தெரிந்தது. அம்மா கையை நீட்டினார். பரிசல் அங்கே போனது.

"இங்கியா ஆயா?"

அம்மா சுற்றிப் பார்த்தார். "இல்லபா. இன்னும் கொஞ்சம் அந்தாண்ட."

அந்தாண்ட போனோம். அங்கும் இல்லை. பிறகு திரும்பி வந்தோம். அவர் துடுப்பைப் போட்டு அம்மா சொன்ன பக்கமெல்லாம் போனார். ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தெரியலடி" என்றார். "எனக்கு எடம் தெரியல. நான் கீழேர்ந்துதான் இந்த மலைங்களைப் பாத்திருக்கேன். இப்ப மேலேர்ந்து பாக்கறேன். எல்லா மலையும் குள்ளமா இருக்குது. எதுவும் நான் பாத்த மாதிரி இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டுவதற்காகத்தானே என்னைக் கூட்டி வந்தார். பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பரிசல் தானாக மெதுவாகச் சுற்றியது.

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, பரிசலின் விளிம்புக்கு மேலாகக் கையை நீட்டி, தண்ணீரில் விரல்களை வைத்தார். என் நினைவில் அந்தத் தண்ணீரை அம்மா தொட்டது அதுதான் முதல் தடவை.

"போதும் நைனா. எங்கியும் போவாத. எல்லாம் ஒரே தண்ணிதான். இங்கேர்ந்து சொன்னாலும் அவனுக்குக் கேக்கும்."

அப்புறம் பேசினார். சத்தம் போட்டு இல்லை, முணுமுணுப்பாகவும் இல்லை. அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார்.

"தம்பி, அம்மா வந்திருக்கேன்டா. அன்னிக்கு உங்கிட்ட வர முடியல. ஓடையில தண்ணி ஏறிடிச்சி, உங்கப்பா இழுத்துகினு பூட்டாரு. சொல்லாம போயிட்டேன்னு நெனச்சியா? சொல்லத்தான்டா வந்தேன். உனக்கு அப்புறம் மூணு பேரு. ஒரு தங்கச்சி, ரெண்டு தம்பிங்க. தங்கச்சி இதோ வந்திருக்கா, டீச்சர் வேலை பாக்கறா. ஒரு தம்பி கரையில நிக்கறான். சின்னவன் கடையில இருக்கறான். உங்கப்பா போயிட்டாரு, குழி வெட்டின மாமாவும் போயிட்டாரு. நாங்க ஆரணியில இருக்கறோம். நல்லா இருக்கறோம். பேரப்புள்ளைங்க எல்லாம் படிக்குது. நீ கவலைப்படாத."

தண்ணீரிலிருந்து கையை எடுத்தார்.

"போயிட்டு வரேன்டா கண்ணு" என்றார்.

கரைக்குத் திரும்பியதும் தம்பி அம்மாவைத் தூக்கி இறக்கினான். கரையில் நின்று அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஆனால் அம்மாவை இறக்கிவிட்ட பிறகும் அவன் அம்மாவை விடவில்லை. பரிசல்காரரிடம் அம்மா இரண்டு கையையும் கூப்பினார். அவர் பதறிப்போய், "ஐயோ, வேணாம் ஆயா" என்று அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். பூங்கா அருகே வந்தபோது பசிக்கிறதா என்று தம்பி கேட்டான். அங்கே மீனைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அணை மீன் என்று சொல்லி ஆரணிச் சந்தையில் விற்றால்கூட அம்மா வாங்க மாட்டார். "நீங்க சாப்பிடுங்க, எனக்கு டீ போதும்" என்றார். நாங்களும் டீயே குடித்தோம். திரும்பும் வழி முழுவதும் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

அதற்குப் பிறகு அம்மா சில வருடங்கள் நன்றாக இருந்தார். முன்பைவிட அதிகம் பேசினார். பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய அண்ணன் கதையையும் அவரே சொன்னார். 'உங்க பெரிய மாமன்', 'உங்க பெரியப்பன்' என்று முறை வைத்துச் சொல்வார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தை எழுந்து நின்று நடித்தும் காட்டுவார். எங்களுக்கே அது புதிது.

கடைசி மாதத்தில் படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் காலை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, மனதில் இருந்ததை நான் கேட்டுவிட்டேன். "அம்மா, உன்னை எங்க வைக்கணும்? அந்தத் தண்ணியாண்ட கொண்டு போணுமா? அண்ணன் இருக்கற எடத்துக்கு?"

அம்மாவுக்கு அப்போது குரல் தேய்ந்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கண்டிப்பு இருந்தது.

"எதுக்கு? அங்கதான் சொல்லிட்டு வந்தாச்சே. உங்கப்பா இங்க இருக்காரு. நீங்க இங்க இருக்கறீங்க. என் ஊரு ஆரணிடி."

பிறகு, கஞ்சியில் உப்பு போதவில்லை என்றார்.

அம்மா சொன்னபடியே அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். இன்றோடு ஓராண்டு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். எதிர்வீட்டு மல்லிகா அக்கா, அம்மா படுக்கையில் இருந்த நாளெல்லாம் நான் பள்ளிக்குப் போன நேரத்தில் வந்து உடன் இருந்தார். அம்மாவின் தலையை வாரிப் பூ வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஆட்டோ ஓட்டும் ஜாபர் பாய், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பள்ளம் மேடு பார்த்து ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி, பின்னால் வந்தவர்களின் ஏச்சையெல்லாம் அம்மாவுக்காக வாங்கிக்கொண்டார். அம்மாவோடு தார் சுற்றிய பெண்கள் அம்மா போன அன்று வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். தெள்ளார் மாமாவின் மகன்கள் இருவரும் என் தம்பிகளோடு தோள் கொடுத்தார்கள். கண்ணமங்கலத்திலிருந்தும் இன்னும் எங்கெங்கோ இருந்தும், எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத உறவினர்கள் வந்தார்கள். "நாங்களும் அந்த ஊரு" என்று மட்டும் சொன்னார்கள். வண்டிகளில் ஏறி ஆளுக்கொரு திசையில் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்று எங்கள் தெருவில் ஒன்றாக நின்றார்கள். முறை கேட்டுத் தெரிந்துகொண்டு ஒருவரை ஒருவர் மாமா, அத்தை என்று கூப்பிட்டார்கள். அந்த உறவை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டு வாசல் எப்போதும் திறந்திருக்கும்.

இந்த மலரைக் கையில் வாங்கியவர்கள் இதைப் பிறகு படிக்கலாம். உள்ளே இலை போட்டாயிற்று. கத்திரிக்காய்க் குழம்பு, வடை, பாயசம், எல்லாம் அம்மாவுக்குப் பிடித்தவை. பரிமாற நாங்கள் மூவரும் நிற்கிறோம். யாரும் கை நனைக்காமல் போகாதீர்கள்.